தொண்ணூற்றாறு மாதக் குளம்

என் மாமியாரின் நர்சரியை ஆற்றில் தள்ளிவிட்டது நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கையால் தள்ளவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே, கம்ப்யூட்டரில் தள்ளினேன்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அத்தை போன்கூடப் பண்ணாமல் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து நின்றார். அவர் அப்படி வருகிறவர் அல்ல. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதில் அவர் எங்கள் வீட்டில் தங்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குக்கூட எங்களுக்குள் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். மாமனார் போனபிறகு அவருக்கு அவருடைய செடிகள், பிள்ளை வெளியூரில் படிக்கும்போது அவர் குடிவந்த ஆற்றோரத்து வீடு. எனக்கு என் வேலை, என் வாய். என் வாயைப் பற்றி என்னைப் பெற்றவளே கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் எச்சரித்திருக்கிறாள். அதனாலோ என்னவோ, அவர் என்னிடம் எப்போதும் அளந்துதான் பேசுவார்.

மூன்று மாடி ஏறி வந்தவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, மடிப்பை விரலால் நீவிவிட்டார். என் வீட்டுக்காரர் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

ஆற்று நில அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். அத்தை குத்தகைக்கு எடுத்து நர்சரி வைத்திருக்கும் நிலம், செயற்கைக்கோள் தரவுகளின்படி, கடந்த நூற்றிருபது மாதங்களில் தொண்ணூற்றாறு மாதங்கள் நீரில் மூழ்கியிருந்ததாகத் தெரியவருகிறதாம். ஆகவே அது நீர்நிலை. குத்தகை புதுப்பிக்கப்படாது. முப்பது நாட்களுக்குள் செடிகளை அகற்றிக்கொள்ள வேண்டும்.

"தொண்ணூத்தாறு மாசமா நான் தண்ணிக்குள்ள முங்கிதான் ரோஜாக்கன்னு வித்தேனா?" என்றார் அத்தை. "வாங்கிட்டுப் போனதெல்லாம் மீனா?"

வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். வாயைத் திறக்காதே, நான் பேசிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அவர் பேசிக்கொள்வதற்குள் முப்பது நாளும் முடிந்துவிடும்.

"அத்தை, அந்த மேப் போட்டது நான்தான்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு. யாரைப் போய்க் கேக்கறதுன்னு அலைய வேண்டாம். வந்து பாரு" என்றார். அன்று ராத்திரி சோபாவிலேயே படுத்துக்கொண்டார். கட்டிலில் படுங்கள் என்று நாங்கள் கெஞ்சியதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயர் தண்ணி மேடம். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு முதல் வாரம் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். செயற்கைக்கோள் சில நாட்களுக்கு ஒருமுறை எங்கள் ஆற்றின்மேல் போகும். போகும்போது எடுக்கிற படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால், ஒவ்வொரு கட்டமும் ஒரு சின்ன வீட்டு மனை அளவு இருக்கும். அந்தக் கட்டத்தில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா? அதுதான் கேள்வி. தண்ணீர் வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதனால் படத்தில் கறுத்துத் தெரியும். பத்து வருஷத்துப் படங்களை அடுக்கி, ஆற்றுப்படுகை முழுவதிலும் எந்தக் கட்டம் எத்தனை மாதம் கறுத்திருந்தது என்று எண்ணி, தண்ணீர் வருகிற இடத்துக்கு நீலமும் வராத இடத்துக்கு வெள்ளையும் பூசிக் கொடுத்தேன். இரண்டு வருஷ உழைப்பு. வெளியான பிறகும் மாதாமாதம் புதுப் படங்கள் சேர்ந்து, கடைசிப் பத்து வருஷத்துக் கணக்கு தானாகவே மாறிக்கொண்டிருக்கும்.

அந்த மேப்பை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது. நீலத்தில் இருக்கிற நிலத்தில் குத்தகை கிடையாது. நீலத்தில் வீடு இருந்தால், ஆறு ஏறும்போது எச்சரிக்கை போன் அந்த வீட்டுக்குத்தான் வரும். மழைக்காலம் மூன்று மாதமும் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி; போக இடமில்லாதவர்கள் அங்கேயே இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் அந்த எச்சரிக்கை. வெள்ளை வீட்டுக்கு போனும் இல்லை, பூட்டும் இல்லை.

முதலில் அந்த மேப்பில் மூன்று நிறம் இருந்தது. படுகையில் சில இடங்களில் உயரமான மரங்கள் கூடாரம் போட்டாற்போல நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் இலைதான் தெரியும், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தக் கட்டங்களுக்குச் சாம்பல் நிறம் கொடுத்திருந்தேன். நில அலுவலகத்துக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. தெரியாதுன்னு ஒரு கலரா, தெரியாதுன்னா எதுக்கு மேப் என்று கேட்டார்களாம். டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, சாம்பலை எடுத்துவிடு, ஜனங்கள் குழம்புவார்கள் என்றார். நான் ஒரே ஒரு வரி எழுதிச் சாம்பலையெல்லாம் வெள்ளையாக்கினேன். மரத்தடிக்கு யாரையும் அனுப்பிப் பார்க்கவும் இல்லை, படத்தில்தான் தெரியாதே என்று விட்டுவிட்டேன். கேன்டீனில் சர்க்கரை குறைந்தால்கூடச் சண்டைக்குப் போகிறவள் நான். அதற்குச் சண்டை போடவில்லை. மேப்பைச் சீக்கிரம் வெளியிட வேண்டும் என்று எனக்கும் ஆசை.

மேப் வெளியான அடுத்த மாதமே ஆற்றில் பெரிய வெள்ளம் வந்தது. இரண்டு வருஷம் ஆகிறது. அன்று மத்தியானம் வீட்டுக்காரர் பதறிப்போய் என் ஆபீஸுக்கே வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று பைக் சாவியை எடுத்தார். நான்தான் தடுத்தேன். மேப்பில் அத்தையின் வீட்டைத் தேடிக் காட்டினேன். பளிச்சென்று வெள்ளை. அவர் எதிரிலேயே அத்தைக்குப் போன் போட்டு, "பயப்படாதீங்க அத்தை, உங்க வீட்டுக்குத் தண்ணி வராது. மேப்புல பார்த்துட்டேன்" என்றேன். "சரிம்மா. நீ வேலையப் பாரு" என்றார். எனக்கு ஒரே பெருமை. நாம் செய்கிற வேலை வீட்டு மனுஷர்களுக்கே உதவுகிறதே என்று அன்று இரண்டு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

சரி, நர்சரிக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை நானும் அத்தையும் பஸ்ஸில் போனோம். வீட்டுக்காரர் வருகிறேன் என்றதற்கு, நீ எதுக்குடா, உனக்கு மேப்பும் தெரியாது செடியும் தெரியாது என்று அத்தை சொல்லிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி, மண்பாதையில் நடந்தோம். கையில் போனை வைத்துக்கொண்டு மேப்பைப் பார்த்தபடியே நடந்தேன். நான் நிற்கிற இடத்தைக் காட்டும் புள்ளி வெள்ளையிலிருந்து நகர்ந்து நீலத்துக்குள் போனது. கரையிலிருந்து பத்தடி, இருபதடி. என் மேப்பின்படி நான் குளத்துக்கு நடுவில் இருந்தேன். செருப்பு நனையவில்லை.

"முழுகிட்டியா?" என்றார் அத்தை.

பதினோரு வருஷத்தில் அந்த நர்சரிக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வந்தால் வீட்டில் உட்காருவோம், டீ குடிப்போம், கிளம்பிவிடுவோம். அது படுகையிலேயே கொஞ்சம் மேடான இடம். பல வருஷ வெள்ளங்களில் ஆறே வண்டல் கொண்டுவந்து சேர்த்த மேடு. அந்த மேடு முழுக்க, களை முளைக்காமல் இருக்கத் தரையில் விரிக்கிற கறுப்பு ஷீட் போட்டிருந்தது. அதன்மேல் தாராளமாக இடம் விட்டு வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கன்றுகள். ரோஜா, செம்பருத்தி, எலுமிச்சை, குரோட்டன்ஸ். ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் ஒரு குச்சி, குச்சியில் தேதி எழுதிய அட்டை. வெயிலில் கறுப்பு ஷீட் பளபளத்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். இந்த ஷீட்டை எப்போது போட்டீர்கள் அத்தை?

எட்டு வருஷத்துக்கு முன்னால் முதுகு பிடித்துக்கொண்டதாம். குனிந்து களை எடுக்க முடியவில்லையாம். ஆள் வைத்தால் களையோடு கன்றையும் பிடுங்கிப் போடுகிறார்களாம். அதனால் ஷீட் வாங்கி விரித்தாராம். எட்டு வருஷம் என்றால் தொண்ணூற்றாறு மாதம். நான் இத்தனை நாளும் தண்ணீர் என்று எண்ணிவைத்திருந்தது அத்தையின் முதுகுவலியை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. ஷீட்டைக் கையால் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

"உங்க சேட்டிலைட்டு தரையத் தொட்டுப் பார்க்காதா?"

"பார்க்காது அத்தை. அதுக்குத்தான் நாங்க நேர்ல வரணும்."

"வந்திருக்கலாமே" என்றார். குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் உறைத்தது.

தப்பு தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம். ஆனால் எங்கள் ஆபீஸில் ஒரு முறை உண்டு. ஒரு இடத்தைத் திருத்தினால், அதைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் இருக்கிற எல்லா வகை இடத்தையும் நேரில் பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். வயல், பாதை, மரத்தடி, வீடு எல்லாம். அத்தையின் வீடு அந்த அரை கிலோமீட்டருக்குள் இருந்தது. அப்படியே வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன்.

"அத எதுக்குப் பார்க்கணும்? அதான் வெள்ளையாச்சே" என்றார் அத்தை, கொஞ்சம் வேகமாக.

அதற்குள் தூறல் போட்டது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கே ஓடினோம். நர்சரி மேட்டிலிருந்து பாதை சரிந்து இறங்கி மரங்களுக்குள் போகும். அந்த மரங்களுக்கடியில் நாற்பத்தோரு வீடுகள். நாலாவது வீடு அத்தையுடையது, எதிர் வீடு தையல்கார அம்மாவுடையது. எப்போது வந்தாலும், எவ்வளவு குளிர்ச்சியான இடம் என்று சொல்லிவிட்டுப் போவேன். எவ்வளவு பள்ளமான இடம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

உள்ளே போனதும் அத்தை டீ போடப் போனார். காலெல்லாம் சேறு. துண்டு கேட்டேன். அவர் வருவதற்குள் அறையைச் சும்மா பார்த்தேன். பதினோரு வருஷமாகப் பார்க்கிற அறைதான். கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல். பெருக்க வசதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஃப்ரிட்ஜுக்கு இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை. குனிய முடியாததற்காக என்று நினைத்திருந்தேன். பிளக் பாயிண்ட் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. அதைப் பற்றி நான் எதையும் நினைத்ததே இல்லை.

துண்டு அலமாரியில்தானே இருக்கும், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று குரல் கொடுத்தபடி அலமாரியைத் திறந்தேன். இரு, இரு, நான் வந்து தரேன் என்று சமையலறையிலிருந்து அத்தை ஓடிவந்தார். நான் திறந்துவிட்டேன்.

மர அலமாரி. கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் கோடுகள். ஆறு கோடுகள். நர்சரி அட்டைகளில் எழுதியிருந்த அதே குண்டுக் கையெழுத்தில் ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தேதி. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோட்டின் தேதியை நான் படிக்கவே வேண்டியதில்லை. எங்கள் ரிப்போர்ட்டின் அட்டையில் அதே தேதி பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அன்றைய வெள்ளத்தில் எங்கள் மேப் எவ்வளவு துல்லியமாக இருந்தது என்று சொல்கிற ரிப்போர்ட் அது. கதவை ஒட்டி நின்று பார்த்தேன். கோடு என் தொடைக்கு வந்தது.

"அன்னைக்கு நான் போன் பண்ணேனே அத்தை."

"பண்ணின."

"அப்ப வீட்டுக்குள்ள தண்ணி இருந்துச்சா?"

"நீ பண்ணப்போ முட்டி வரைக்கும். அப்புறம் கொஞ்சம் ஏறிச்சு."

முட்டியளவு தண்ணீரில், தனியாக, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தண்ணீர் வராது என்று சொல்லியிருக்கிறேன். அவரைக் கூட்டிவரக் கிளம்பிய பிள்ளையையும் தடுத்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அத்தை போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நீயா எனக்குப் போன் பண்ணது அன்னைக்கு ஒரு தடவதான். எப்பவும் அவன் பேசிட்டு உங்கிட்ட கொடுப்பான். நல்லா இருக்கீங்களா அத்தைன்னு கேட்டுட்டு திருப்பிக் கொடுத்துடுவ. அன்னைக்கு நீயா பண்ணி, பயப்படாதீங்கன்னு சொன்ன. நான் உண்மையிலயே பயந்து போய்த்தான் நின்னுட்டிருந்தேன். நீ சொன்னதும் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. தண்ணி போகல, பயம் போச்சு. அதப் போய் பொய்யின்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? எனக்கு மனசு வரல."

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, ஓவென்று அழுதேன். ஆபீஸில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அத்தை துண்டை எடுத்துக் கையில் திணித்தார். "காலத் தொடைக்கக் கேட்டுட்டு மூஞ்சியத் தொடைக்கிற" என்றார். அவர் கண்ணும் சரியாக இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதையும் அவரே சொன்னார். தண்ணீர் வருகிறது என்று தெரிந்தால் பிள்ளை அவரை அங்கே இருக்க விடமாட்டான். நர்சரி கூப்பிடு தூரத்தில் இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு உயிர். மூன்றாவது மாடியில், பால்கனியில் இரண்டு தொட்டியை வைத்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் என் கையைப் பிடித்துக்கொண்டு, நர்சரியை மட்டும் திருத்திவிடு, வீட்டை வெள்ளையாகவே விட்டுவிடு, கதவை மூடிவிடு, நீயும் பார்க்கவில்லை நானும் காட்டவில்லை என்றார்.

பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. எனக்கும் அது வசதிதான் என்பதை ஒளிப்பானேன்? வீடு நீலமானால் வருஷத்துக்கு மூன்று மாதம் அவர் எங்கள் ஃப்ளாட்டில் இருப்பார். இரண்டே அறை. என் வாய் ஒரு பக்கம், அவர் மௌனம் ஒரு பக்கம், நடுவில் என் வீட்டுக்காரர். நினைத்தாலே தலை சுற்றியது. ஒரே ஒரு கட்டம்தானே, விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நிமிஷம் முழுசாக நினைத்தேன்.

ஆனால் அது ஒரு கட்டம் இல்லை. நான் எழுதிய அந்த ஒரு வரி, மரத்தடியில் இருந்த எல்லாக் கட்டத்தையும் வெள்ளையாக்கிய வரி. அதை அத்தைக்குச் சொன்னேன். நீல வீடுகளுக்கு மட்டும்தான் எச்சரிக்கை போன் போகும், வெள்ளை வீடுகளுக்குப் போகாது என்றும் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. போன் வராததற்கு டவர் சரியில்லை என்று இந்தத் தெருவே நினைத்துக்கொண்டிருந்ததாம்.

"எதிர் வீட்டுக்கும் வராதா?"

"வராது அத்தை. நாப்பத்தோரு வீட்டுக்கும் வராது."

அவர் ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தார். தையல்கார அம்மாவின் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறவர். அன்றைக்கு அந்த அம்மாவும் அத்தையும் சேர்ந்து அவரை நாற்காலியோடு தூக்கி, துணி வெட்டுகிற மேஜைமேல் வைத்தார்களாம். தண்ணீர் வடிகிற வரைக்கும் ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். இதையெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"நான் எனக்கு மட்டும்தான் மறைக்கிறேன்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். டீ எடுத்துவரப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். அலமாரிக் கதவின் கீலை அவரே கழற்ற ஆரம்பித்தார். போட்டோ எடுத்தால் போதும் அத்தை என்றேன். உங்க ஆபீஸ்காரங்க படத்தப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவும் ஆச்சு, தொட்டுப் பார்க்கட்டும் என்றார். கதவை நான் பிடித்துக்கொண்டேன், அவர் கழற்றினார்.

பஸ்ஸில் கண்டக்டர் கதவைப் பார்த்துவிட்டு, வீட்ட எங்கம்மா விட்டுட்டு வந்தீங்க என்றார். பின்னாடி வருது என்றார் அத்தை. பஸ்ஸே சிரித்தது.

திங்கட்கிழமை அந்தக் கதவை டைரக்டர் அறையில் சுவரோடு சாய்த்துவைத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பு என்னுடையது என்று முதலில் சொல்லிவிட்டேன், அப்புறம் எது தப்பு என்று சொன்னேன். தெரியாது என்பதை இல்லை என்று எழுதினேன் சார், அதுதான் தப்பு. ஜனங்கள் குழம்புவார்களே என்று மறுபடியும் ஆரம்பித்தார். குழம்பட்டும், குழம்பினால் நம்மைக் கேட்பார்கள், வெள்ளையைப் பார்த்தால் தைரியமாக அங்கேயே நிற்பார்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அடுத்த அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அவர் எழுந்துபோய்க் கதவின் மேல்கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். எந்த வீடு இது என்று கேட்டார். என் மாமியார் வீடு என்றேன். சாம்பல் நிறத்தைத் திருப்பிப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கதவில் இருந்த ஆறு தேதிகள்தான் எனக்கு வழி காட்டின. மேகத்துக்குள்ளும் பார்க்கிற ரேடார் செயற்கைக்கோள் ஒன்று உண்டு. அந்த ஆறு நாட்களை ஒட்டி அது எடுத்த படங்களைத் தேடி எடுத்தேன். தண்ணீர் என்றால் கறுப்பாக இருக்கும் என்று இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். மரத்தடியில் தண்ணீர் நின்ற நாட்களில் அந்த இடம் வழக்கத்தைவிட வெளுப்பாக இருந்தது. ரேடார் அலை தண்ணீரில் பட்டு, மரத்தில் பட்டு, திரும்பி வந்திருக்கிறது. தேதி தெரியாமல் பார்த்தால் அது கண்ணிலேயே படாது. தேதி தெரிந்ததும் ஆறு படத்திலும் பளிச்சென்று தெரிந்தது. படுகை நெடுகிலும் அந்த மாதிரி இடங்களில் எழுநூறு வீடுகளுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றையும் நேரில் போய்த் தொட்டுப் பார்க்க ஆட்களை அனுப்பினோம். நானும் போனேன்.

நர்சரி வெள்ளையானது, குத்தகை நீண்டது. வீடு நீலமானது. மழைக்காலம் தொடங்குகிற அன்று அத்தை ஒரு பெட்டியும் பதினேழு தொட்டிகளுமாக எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தார். பால்கனியில் துணி காயப்போட இடம் போனது. நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட ஆரம்பித்திருக்கிறோம். நான் செடிக்குத் தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறேனாம். தண்ணீரைப் பற்றி என்னிடமே பேசுகிறார். தினமும் காலையில் பஸ் பிடித்து நர்சரிக்குப் போய்விடுவார், சாயங்காலம் வருவார். வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சரிம்மா என்றிருக்கிறார். அந்தச் சரிம்மாவை இனிமேல் நான் நம்புவதாக இல்லை.

போன வாரம் புதன்கிழமை காலைப் படம் வந்தது. அந்த மரங்கள் இருக்கிற இடம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நாற்பத்தோரு வீடுகளுக்கும் எச்சரிக்கை போன் போவதை உறுதி செய்தேன். பக்கவாதக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டோம் என்று தகவல் வந்தது. அதன்பிறகு என் போனை எடுத்து, நானாக, அத்தைக்குப் போட்டேன்.

"தண்ணி வருது அத்தை. எங்க இருக்கீங்க?"

"நர்சரியிலதாம்மா. நீ வேலையப் பாரு."

அதே குரல், அதே வார்த்தை.

"வேலை கிடக்கட்டும். உங்க கால் எதுல இருக்கு? உண்மையச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

"செருப்புல இருக்கு. செருப்பு கறுப்பு ஷீட்டு மேல இருக்கு. நீ குளம்னு எழுதின இடத்துலதான் நிக்கிறேன், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பயப்படாத."

சரி அத்தை என்றேன். ஆனாலும் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. பஸ் வருகிற வரைக்கும் என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார்.